மீன்பல்லி: காசிமேட்டுப் பிள்ளைகள் கேட்டதும் நான் சொன்னதும்

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் எங்கள் மாடி டியூஷனுக்குப் பிள்ளைகளோடு அப்பாக்களும் வந்து ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். இந்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கட்டுமே என்று இக்தியோசார் படம் ஒன்றைக் காட்டினேன். ஒரு நாளில் முடிப்பதாக நினைத்தது மூன்று ஞாயிறு இழுத்தது. கேட்ட கேள்விகளையே மறுபடி மறுபடி கேட்கிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

இக்தியோசார்னா இன்னா?

கடலிலேயே பிறந்து கடலிலேயே செத்த ஓர் ஊர்வன. மூச்சுக்கு மட்டும் மேலே வரும். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. பெயர் கிரேக்கம்: இக்திஸ் என்றால் மீன், சாரஸ் என்றால் பல்லி. முதல் நாளே பிள்ளைகள் அதை ‘மீன்பல்லி’ ஆக்கிவிட்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். இது ஒரே பிராணியின் பெயர் இல்லை. முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான உறவுக்காரர்களிலிருந்து திமிங்கலப் பருமன் உள்ளவை வரை நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு.

அப்போ டைனோசர்தானே அண்ணா?

இல்லை. டைனோசர் வேறு கிளை. அதன் கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண் போல நிற்கும், வாழ்ந்தது தரையில். மீன்பல்லி வேறு வழியில் கடலுக்குப் போன ஊர்வன. டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் போய்ச் சேர்ந்தன. மீன்பல்லி அதற்கு இரண்டு கோடி ஆண்டுக்கும் மேலாக முன்பே முடிந்துபோயிற்று.

இந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பொருட்காட்சியில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, ‘கடல் டைனோசர்’ என்று பலகை மாட்டி, ஒரு ரப்பர் பொம்மையை ஆட்டிக் காட்டினார்கள். முதுகில் முள் வரிசை வேறு. வாலைப் படுக்கையாக வைத்திருந்தார்கள், டால்பினுக்கு இருப்பது போல. பிள்ளைகள் அதையே மனசில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதைத் துடைக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

பாக்க மீன் மாதிரி இருக்குது. பல்லின்னு எப்படிச் சொல்றீங்க?

செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூக்குத் துளை கண்ணுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். துடுப்பைப் பிரித்தால் உள்ளே மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல் என்று நம் கையில் இருக்கும் எலும்புகளே வரிசையாக இருக்கும். மீனின் துடுப்பில் வெறும் கதிர்கள்தான். மீன்பல்லியின் பாட்டன் பூட்டன்கள் தரையில் நடந்தவை, பிறகு கடலுக்குத் திரும்பியவை.

ஓங்கில் கதையும் இதேதான். டால்பினை நம் கடலோரத்தில் ஓங்கில் என்போம். அது மூச்சு விட மேலே வருவதைப் பார்க்காத கடலோடி இருக்க மாட்டார். சூரை, சுறா, ஓங்கில், மீன்பல்லி நான்கும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, ஆனாலும் ஒரே வார்ப்பு. ஓர் அப்பா சொன்னார்: “போட்டு யார் கட்டுனா இன்னாப்பா, மூக்கு கூராத்தான் வெக்கணும். இல்லன்னா தண்ணி தள்ளும்.” இதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

வாலு ஏன் உடைஞ்ச மாதிரி கீழே தொங்குது?

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் பதில் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கேட்டது மீன் வெட்டும் ஓர் அக்கா. பேரனை விட வந்தவர், எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, தலைகீழா மாட்டிட்டாங்களா? சுறாவுக்கு முதுகு முள்ளு வால்ல மேலே ஏறும். இதுக்கு கீழே எறங்குதே” என்றார்.

மாட்டியது சரிதான். சுறாவின் முதுகுத்தண்டு வாலின் மேல் மடலுக்குள் ஏறிப் போகும். வஞ்சிரத்துக்கு வால் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும், அதற்குப் பிறகு கதிர்கள்தான். ஓங்கிலுக்கு வாலின் இரண்டு பக்க மடல்களிலும் எலும்பே இல்லை. அதுவும் படுக்கை வால், மேலும் கீழுமாக அடிக்கும். மீன்பல்லிக்கு மட்டும் முதுகுத்தண்டு மடங்கிக் கீழ் மடலுக்குள் இறங்கும். மேல் மடல் வெறும் சதை. வால் செங்குத்து, அடிப்பது பக்கவாட்டில்.

சதை கல்லாவது அபூர்வம் என்பதால் ஆரம்பத்தில் தோண்டியவர்களுக்கு எலும்பு மட்டுமே கிடைத்தது. பல்லிக்கு இருப்பது போல நீள வால் என்று நினைத்து நேராகவே வரைந்தார்கள். 1838-இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூறு அறிஞர் ஒன்றைக் கவனித்தார்: பல எலும்புக்கூடுகளில் வால் ஏறக்குறைய ஒரே இடத்தில் மடிந்திருக்கிறது. வாலில் ஒரு சதைத் துடுப்பு இருந்திருக்க வேண்டும், செத்த பிறகு அதன் கனத்தில் எலும்பு விலகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். பாதி சரி. மடிப்பு உயிரோடு இருக்கும்போதே இருந்தது.

மீதிப் பாதி ஜெர்மனியிலிருந்து வந்தது. ஸ்டட்கார்ட் பக்கத்தில் ஹோல்ட்ஸ்மாடன் என்ற ஊரில் எண்ணெய்ப் பசை கொண்ட கருங்களிக்கல் அடுக்குகள் உண்டு, சுமார் 18 கோடி ஆண்டுப் பழசு. அந்தக் கடலடியில் ஆக்சிஜன் இல்லாததால் செத்து விழுந்த உடலைக் குடைந்து தின்ன ஆளில்லை. தோல்கூட அப்படியே கறுப்புப் படலமாகப் பதிந்துவிட்டது. 1890-களில் பெர்ன்ஹார்ட் ஹவுஃப் என்பவர் அந்தக் கல்லைப் பொறுமையாகச் செதுக்கிச் செதுக்கி எடுத்தபோது உடம்பின் முழு விளிம்பும் வெளியே வந்தது: பிறை போன்ற வால், முதுகில் எலும்பே இல்லாத ஒரு துடுப்பு. அதற்கு முன் முதுகுத் துடுப்பு இருந்ததாக யாருக்கும் தெரியாது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். “நம்மள கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போமே” என்றார்.

முதுகெலும்பு எப்படி இருக்கும்? கையில பிடிச்சுப் பாக்க முடியுமா?

நிஜத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் அதன் சாயலைப் பிடிக்கலாம். அடுத்த ஞாயிறு ஒரு சூரையின் நடுமுள்ளை வாங்கி வந்தேன். வேகவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் மணி மணியாகக் கழன்று வரும். ஒரு மணியை எடுத்துப் பாருங்கள்: இரண்டு முனையும் கிண்ணம் போலக் குழிந்திருக்கும், நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும், உடுக்கை மாதிரி.

மீன்பல்லியின் முதுகெலும்பும் இரண்டு பக்கமும் குழிந்ததுதான். வித்தியாசம் நீளத்தில். பின்னாளைய மீன்பல்லிகளுக்கு அது நீளம் குறைந்து வட்டமாக, கேரம் காய் மாதிரி தட்டையாகிவிட்டது. வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேரம் காயைக் காட்டி விளக்குவதைவிடச் சுலபம் வேறில்லை. காய்களை நூறுக்கு மேல் வரிசையாக அடுக்கி, இரண்டு பக்கமும் நடுவில் சுரண்டிக் குழித்தால் ஒரு மீன்பல்லியின் முதுகு ரெடி. கெட்டியான இந்த வட்டுகள் எளிதில் சிதையாது. அதனால்தான் உலகில் பல இடங்களில் முழுக்கூடு கிடைக்காவிட்டாலும் இந்த வட்டுகள் மட்டும் கிடைக்கின்றன. நம் மாநிலத்துக் கதையும் இந்த வட்டில்தான் தொடங்குகிறது. கீழே வருகிறேன்.

கண்ணு ஏன் அவ்ளோ பெருசு?

ஆஃப்தல்மோசாரஸ் என்றொரு வகை, உடல் ஏறத்தாழ 4 மீட்டர், கண் 22 சென்டிமீட்டர் குறுக்களவு. டெம்னோடோன்டோசாரஸ் என்ற பெரிய வகைக்கு 25 சென்டிமீட்டரையும் தாண்டும்: நாம் சோறு போட்டுச் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு அளவு. முதுகெலும்புள்ள பிராணிகளில் இதைவிடப் பெரிய கண் தெரியவந்ததில்லை. கண்ணைச் சுற்றி ஓடு வேய்ந்தது போல எலும்புத் தகடுகள் வட்டமாக இருக்கும், அந்த வளையம் கல்லாகியிருப்பதால்தான் கண்ணின் அளவை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

இருட்டான ஆழத்தில் இரை தேட அந்தக் கண். ஆழம் போனதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. சில மீன்பல்லிகளின் எலும்பு மூட்டில் இரத்த ஓட்டம் நின்று செத்த திட்டுகள் தெரிகின்றன. ஆழத்திலிருந்து சட்டென மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த காற்று குமிழியாகி எலும்பைத் தாக்கும். முத்து, சங்கு குளிப்பவர்கள் அஞ்ச வேண்டிய அதே நோய்தான். சுறாவோ பெரிய ஊர்வனவோ துரத்த, பதறி மேலே ஓடி வந்திருக்கலாம்.

துடுப்புல விரல் எத்தனை?

எண்ணினால் சலித்துவிடும். நமக்கு ஒரு விரலில் மூன்று எலும்பு, கட்டைவிரலில் இரண்டு. மீன்பல்லி சிலவற்றில் ஒரே விரலில் இருபதுக்கும் மேல். ஐந்து விரலோடும் நிற்காமல் கூடுதல் விரல் வரிசைகள் முளைத்த வகைகளும் உண்டு. எல்லாம் கூழாங்கல் பாவிய தரை மாதிரி நெருங்கி அமர்ந்து ஒரே பலகையாகிவிடும். மணிக்கட்டை மடக்கவே முடியாது.

முட்டை போடுமா, குட்டி போடுமா?

குட்டி. முட்டை போடக் கரையேற வேண்டும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு கரையேறினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஹோல்ட்ஸ்மாடனில் வயிற்றுக்குள் குட்டிகளோடு தாய்கள் கிடைத்திருக்கின்றன. பிரசவத்தின் நடுவிலேயே செத்து, குட்டி பாதி வெளியே வந்த நிலையில் கல்லானவையும் உண்டு. முதலில் சிலர், தன் இனக் குட்டியையே தின்றிருக்கிறது என்று வாதாடினார்கள்.

அந்தக் குட்டிகள் வால் முதலாக வெளிவருகின்றன. ஓங்கில் குட்டியும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 2014-இல் சீனாவின் சாவ்ஹூ பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது: சுமார் 24.8 கோடி ஆண்டுப் பழைய சாவ்ஹூசாரஸ் தாயின் குட்டி தலை முதலாக வருகிறது. தரையில் பிறப்பவைதான் வழக்கமாகத் தலை முதலாக வரும். அப்படியென்றால் குட்டி போடும் பழக்கம் கடலுக்கு வருவதற்கு முன்பே, தரையில் இருந்தபோதே வந்துவிட்டது என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு இந்த ஒரு கல் போதும், மொத்த வரலாற்றையும் நம்புவதற்கு.

தோல் எப்படி? முதலை மாதிரி செதிலா?

வழவழப்பு. 2018-இல் ஹோல்ட்ஸ்மாடன் மாதிரி ஒன்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது செதில் இல்லாத தோலும், அதன் கீழ் திமிங்கலத்துக்கு இருப்பது போன்ற கொழுப்பு அடுக்கும், முதுகு கறுத்து வயிறு வெளுத்த நிறமும் தெரிந்தன. சூரைக்கும் அதே நிறந்தான், காரணமும் அதேதான்: மேலிருந்து பார்த்தால் கடல் இருட்டு, கீழிருந்து பார்த்தால் வானம். கொழுப்பு அடுக்கு இருந்ததால் உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே பொதுவான முடிவு.

என்ன சாப்பிடும்?

பெரும்பாலும் கடமாவின் (கணவாய் வகைதான்) சொந்தக்காரர்களும் மீனும். வயிறு இருந்த இடத்தில் கணவாய் இனக் கொக்கிகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. 2020-இல் சீனாவில் 5 மீட்டர் மீன்பல்லி ஒன்றின் வயிற்றில் இன்னொரு ஊர்வனவின் நடு உடம்பு இருந்தது. அந்த இரையே 4 மீட்டர் இருந்திருக்கும். பேராசை பிடித்துச் செத்ததோ என்னவோ.

ரொம்பப் பெருசு எவ்ளோ இருக்கும்?

அமெரிக்காவின் நெவாடாவில் கிடைத்த ஷோனிசாரஸ் ஏறத்தாழ 15 மீட்டர். இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் 2020-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தி அப்பாவோடு நடந்தபோது ஓர் எலும்புத் துண்டைப் பார்த்தாள். ஒட்டிச் சேர்த்தபோது அது கீழ்த்தாடையின் ஒரு பகுதி, 2 மீட்டருக்கு மேல். 2024-இல் அதற்கு இக்தியோடைட்டன் என்று பெயர் வைத்தார்கள். மொத்த நீளம் 25 மீட்டர் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். காசிமேட்டில் நிற்கும் விசைப்படகு ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினால் மூக்கும் வாலும் படகைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க?

எலும்புத் துண்டுகள் அதற்கு முன்பே கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது ஓர் ஏழைத் தச்சனின் குடும்பம். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊர். குளிர்காலத்தில் கடற்பாறை சரியும், சரிந்த சேற்றில் கல்லான சிப்பிகள் கிடைக்கும். அவற்றைச் சுற்றுலா வருபவர்களுக்கு விற்பது அந்தக் குடும்பத்தின் பக்க வருமானம். அப்பா 1810-இல் கடனை வைத்துவிட்டுப் போய்விட்டார். 1811-இல் மகன் ஜோசஃப் ஒரு நீள மண்டையோட்டைக் கண்டான். அடுத்த ஆண்டு தங்கை மேரி ஆனிங் அதன் உடலைக் கண்டெடுத்தாள். அவளுக்கு வயது 12, 13 இருக்கும். ஊர் அதை முதலை என்றது. 23 பவுனுக்கு விலை போயிற்று. 1814-இல் எவரார்ட் ஹோம் என்ற மருத்துவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கண்டெடுத்த பெண்ணின் பெயர் அதில் இல்லை.

மேரி அதோடு நிற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்தச் சரிவுகளில்தான் அலைந்தாள். 1833-இல் ஒரு மண்சரிவில் கூடவே வந்த நாய் கண்ணெதிரே புதைந்து செத்தது, மயிரிழையில் தப்பினாள். அவள் எடுத்த ஒரு முழு எலும்புக்கூடு லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக்குப் போய், 1941-இல் ஜெர்மானியர் குண்டுவீச்சில் தூளாயிற்று. பிறகு 2022-இல் அதன் பிளாஸ்டர் அச்சுகள் இரண்டு, ஒன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் மற்றொன்று பெர்லினிலும் இருப்பது தெரியவந்தது. எவனோ ஒருவன் என்றோ அச்சு எடுத்துவைத்த புண்ணியம்.

நம்ம ஊர்ல கிடைச்சிருக்கா?

கிடைத்திருக்கிறது. 1856-இல் ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில்தான் பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் திருச்சிப் பக்கத்துக் கடல் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து எழுதினார், 1862-இல் வெளிவந்தது. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவர் வைத்த பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. அந்த ஊட்டத்தூர் அடுக்கில் கிடைத்த முதுகு வட்டுகளை வைத்து 1879-இல் லைடெக்கர் என்ற அறிஞர் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். வெறும் வட்டுகளை வைத்துத் தனி இனம் என்று சொல்வது இன்று செல்லாது, பெயர் சந்தேகத்தில் நிற்கிறது. மீன்பல்லி இருந்தது என்பதில் சந்தேகமில்லை. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகள் சார்ந்த அடுக்குகளிலிருந்து பற்களும் கிடைத்து 2011-இல் பதிவாகியிருக்கின்றன. வயது சுமார் 10 கோடி ஆண்டு. அதாவது நம் ஊர்க்காரர்கள் அந்தக் குலத்தின் கடைசித் தலைமுறைகள்.

ஏறக்குறைய முழுக்கூடு வேண்டுமானால் குஜராத்தின் கட்ச் போக வேண்டும். லோடாய் கிராமத்துக்கு அருகில் கிடைத்ததை டெல்லிப் பல்கலைக்கழகத்தின் குண்டுபள்ளி பிரசாத் குழுவினர் 2017-இல் வெளியிட்டார்கள்: சுமார் 5.5 மீட்டர், ஏறத்தாழ 15.2 கோடி ஆண்டுப் பழசு. இந்தியாவில் ஜுராசிக் காலத்து மீன்பல்லி அதுதான் முதல்.

அப்போ காசிமேட்டுல தோண்டினா?

மணலும் களியும்தான் வரும். வடசென்னையின் கீழே இருப்பது கொசஸ்தலையாறும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மண். மீன்பல்லியோடு ஒப்பிட்டால் நேற்றுக் கொட்டியது. பல்லாவரத்துக் கருங்கல்லோ 250 கோடி ஆண்டுப் பழசு, பூமிக்குள் வெந்தது, அதில் எலும்பே இருக்காது. ஒன்று வயது போதாது, இன்னொன்று வயது மிஞ்சிவிட்டது.

அப்போது வங்கக் கடலில் நீந்தியிருக்குமா என்று ஒருவன் மடக்கினான். 18 கோடி ஆண்டுக்கு முன் வங்கக் கடலே கிடையாது. நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் பிளந்து விலகிய பிறகுதான் இந்தப் பக்கம் தண்ணீர் வந்தது. காரையில் கிடைத்தவை அந்தப் புதுக்கடலில் நீந்தியவை. “அப்போ நம்ம கடல்தான்” என்றான். சரிதான்.

ஆன்லைன்ல பல் விக்கிறாங்களே, வாங்கலாமா?

வேண்டாம். மலிவாக வருவது பெரும்பாலும் மொராக்கோ பாஸ்பேட் சுரங்கத்து மோசசார் பல், அது வேறு பிராணி. பல்லோடு தாடை என்று கொடுத்தால், தனித்தனிப் பற்களைப் பசையும் மணலும் சேர்த்து ஒட்டியதாகவே பெரும்பாலும் இருக்கும். காரைக்குப் போனாலும் பொறுக்கி வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வீட்டு அலமாரியில் ஒரு கல், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பையும் நம்ப வேண்டாம். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று ஒரே பரபரப்பு. நேரில் பார்த்தவர்கள் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழைய கடலுயிர்) சார்ந்த உருண்டைக் கற்கள் என்றார்கள்.

எப்படி அழிஞ்சுது? கல் விழுந்தா?

வானத்திலிருந்து கல் விழுந்தது பிறகு, டைனோசர்களுக்கு. மீன்பல்லிகள் ஒரேயடியாகவும் போகவில்லை. 10 கோடி ஆண்டை ஒட்டி வகைகள் குறையத் தொடங்கி, 9.4 கோடி ஆண்டுக்கு முன் கடல் சூடேறி, ஆழத்தில் ஆக்சிஜன் வற்றிய காலத்தோடு கணக்கு முடிகிறது. உடம்பை மாற்றிக்கொள்ளும் வேகம் அந்த நேரத்தில் அவற்றுக்குக் குறைந்திருந்தது என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது.

எங்க போய்ப் பாக்கலாம்?

எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் பகுதி பக்கம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை. மீன்பல்லிக் கூட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கல்லான உயிர்கள் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ளலாம். அரியலூர் பக்கம் போனால் வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

அதோட ஆய்கூட கல்லாகுமா?

ஆகும். சிரிக்காதீர்கள், அது முக்கியமான தடயம். மீன்பல்லியின் வயிற்றுப் பகுதியில் சுருள் சுருளான கற்கள் இருப்பதை மேரி ஆனிங் கவனித்திருந்தாள். உடைத்தால் உள்ளே மீன் செதிலும் முள்ளும். 1829-இல் வில்லியம் பக்லண்ட் அவை சாணக் கற்கள் என்று அறிவித்து காப்ரோலைட் என்று பெயர் வைத்தார். அப்படிப்பட்ட கற்களை வில்லை வில்லையாக அறுத்துப் பதித்து ஒரு மேசையும் செய்துகொண்டார். அந்த மேசை லைம் ரீஜிஸ் அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது.

“அதுமேல வெச்சு சாப்பிட்டாரா?” என்று ஒருத்தி கேட்டாள். அதற்குள் கீழே அம்மா கூப்பிட்டுவிட்டார், சாப்பிடத்தான்.